படபடப்புக்கு ஒரு சார்ட்

ஞாயிறு, மூன்றாம் தேதி

என் அன்புக்குரிய வார்டு இன்சார்ஜ் அம்மாவுக்கு உன் கணவன் எழுதுவது.

இங்கே நாங்கள் நான்கு பேரும் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உன் பொறுப்பில் படுத்திருப்பவர்களும் சௌக்கியமாகிச் சீக்கிரம் அவரவர் வீடு போய்ச் சேர வேண்டும். கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரம்பித்துவிட்டேன். இனி என் இஷ்டம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று முதலில் பயந்துதான் பிரித்தேன். படித்த பிறகு புரிந்தது. நம் போன் பேச்சு அப்படி. உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், போட்டால் காது கேட்கவில்லை என்பார். பெரியவளும் சின்னவளும் யார் முதலில் என்று அடித்துக்கொள்வார்கள். கடைசியில் போன் என் கைக்கு வரும்போது உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ கெளம்பு" என்று சொல்வதற்குத்தான் எனக்கு வாய் திறக்கக் கிடைக்கும். இதில் எங்கே பெரிய விஷயம் பேசுவது?

ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். "போடட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. எனக்கு எதுன்னாலும் சரி" என்றும் எழுதியிருக்கிறாய். எதுன்னாலும் சரி என்று நீ ஒரு புடவைக்குக்கூடச் சொன்னதில்லை. போகட்டும்.

ஒரே வார்த்தை: போடு.

சின்னவளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள் நீ. உன் வகுப்பில் எல்லோரையும்விடப் பத்து வயது மூத்தவள் என்று கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். இன்று ஒரு வார்டே உன் சொல்லுக்குக் காத்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்று டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் நான். இப்போது போய் வேண்டாம் என்று சொல்வேனா?

வீட்டைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். அறுபத்திரண்டு ஓட்டுநர்களுக்கும் நாற்பத்தொரு பேருந்துகளுக்கும் பத்தொன்பது வருஷமாக டியூட்டி சார்ட் போடுகிறவன், நான்கு பேர் உள்ள வீட்டை ஓட்ட மாட்டேனா? ஃபிரிட்ஜ் கதவில் வீட்டுக்கும் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். டிப்போவில் போடுகிற அதே கட்டம் போட்ட தாள்தான். பால் வாங்குவது, சின்னவளுக்குத் தலை பின்னுவது, பெரியவளைக் கணக்கு வகுப்பிலிருந்து கூட்டிவருவது, மாமாவுக்கு மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் நேரமும் ஆளும் உண்டு. மாமா ஸ்பேர். அதாவது யாராவது வராவிட்டால் அவர் இறங்க வேண்டும். அவருக்கு அந்தப் பதவி பிடிக்கவில்லை. "நான் என்ன ஸ்டெப்னியா மாப்பிள்ளை" என்று கேட்டார். பின்னலை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் வருகிறது. சின்னவள் பெருந்தன்மையாகப் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். அவளுக்கு முன் பல் ஒன்று விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றபாடில்லை. இரண்டு முறை ஆள் வந்து பார்த்தாயிற்று.

இன்னொரு சின்ன விஷயம். நீயாக யாரிடமாவது கேள்விப்பட்டு அங்கே உட்கார்ந்து பதறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக எனக்கு ஒரு படபடப்பு. மார்பில் யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி வரும், ஐந்து நிமிஷத்தில் போய்விடும். காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிறேனாம். டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார். எல்லாம் நார்மல். பதறாதே. இருதயத்தில் ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கென்ன ஸ்ட்ரெஸ்? வீட்டில் பிரச்சினையா என்று கேட்டார், இல்லை என்றேன். வேலையில்? இல்லை. யாரோடாவது சண்டை? இல்லை. தூக்கம்? வருகிறது, போகிறது என்றேன். பேனாவை மூடி வைத்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்து, படபடப்பு வரும்போதெல்லாம் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், பத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பத்துக்கு எத்தனை என்பதுதான் புரியவில்லை. பரீட்சை மாதிரி பத்து வாங்கினால் நல்லதா கெட்டதா என்று திரும்பிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

டிப்போவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியர். மூச்சை நாலு எண்ணும்வரை இழு, ஏழு எண்ணும்வரை பிடி, எட்டு எண்ணும்வரை விடு என்றார் ஒருவர். எனக்கு எண்ணிக்கை குழம்பி, பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டு, இருமல் வந்ததுதான் மிச்சம். இன்னொருவர் நடக்கச் சொன்னார். இன்னொருவர் டீயை நிறுத்தச் சொன்னார், அதையும் டீ குடித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லாவற்றையும் செய்துவிடுவது என்று அதற்கும் ஒரு சார்ட் போட்டேன். 5.10 நடை, 5.30 மூச்சு, 5.40 கண்ணை மூடி அமைதி, 5.45 பால். அமைதிக்கு ஐந்து நிமிஷம்தான் கிடைத்தது. அந்த ஐந்து நிமிஷமும் பாலுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் ஒரு படி மேலே போய் எல்லோருக்கும் ஒரு மணி நேர வகுப்பு வைத்துவிட்டார். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு அம்மா வந்து பேசினார். நல்ல அம்மா, பொறுமையாகத்தான் பேசினார். அழுத்தம் வருவது தப்பில்லை, வந்திருப்பதே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல் என்றார். வந்தால் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கண்ணை மூடி உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம்ம 'அவசரம்' இருக்கிறானே, அந்த ஓட்டுநர் அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். அவனுடைய 11.15 வண்டி 11.50க்குக் கிளம்பியது. அதற்கு மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குக் கடற்கரை, மலை என்று எதுவும் வரவில்லை. நம் சமையலறைதான் வந்தது. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தாய். உடனே கண்ணைத் திறந்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

சரி, கதை நீண்டுவிட்டது. கையெழுத்தைப் போடு. காலுக்கு நல்ல செருப்பாக வாங்கிக்கொள், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவள். எதற்கும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
சாதாரணத் தபாலில் போட்டாலும் குறையாத அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


வியாழன், பதினான்காம் தேதி

அன்புள்ளவளுக்கு,

இன்று வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும். பதறாதே. மேனேஜர் திங்கட்கிழமைவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போகவில்லை. ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய் மாலை டிப்போவில் என் மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஒன்று புதன்கிழமைக்கான டிப்போ சார்ட், இன்னொன்று புதன்கிழமைக்கான வீட்டுச் சார்ட். எழுதி முடித்து ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பூட்டினேன், இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். புதன் காலை சின்னவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று சத்தமாகப் படித்தாள்: "ஆறரை மணி, தலை பின்னுதல், மீசை." மீசை யாருப்பா, அவர் வந்து எனக்குப் பின்னிவிடுவாரா என்று கேட்டாள். அன்றைக்குப் பின்னலை மாமாவுக்கு மாற்றி எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன்; மீசை எங்கள் முதல் பேருந்தின் ஓட்டுநர். 5.40 வண்டி அவருடையது.

டிப்போவுக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையெழுத்தில், முத்துமுத்தாக, "5.40 முதல் வண்டி – மாமா" என்று இருந்தது. எங்கள் சார்ட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது என்று உனக்குத் தெரியும், ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் பட்டப்பெயரைத்தான் எழுதுவேன். அதனால் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிதாக யாரோ 'மாமா' என்று ஒரு ஓட்டுநர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். மீசை தன் பெயர் இல்லாததைப் பார்த்து லீவு என்று மகளைப் பார்க்கப் போய்விட்டார். ஸ்பேர் ஓட்டுநர் ஆறரைக்குத்தான் வந்தார். ஐம்பது நிமிஷம் அந்த வண்டி கொட்டகையிலேயே நின்றது. பத்தொன்பது வருஷத்தில் என் சார்ட்டால் ஒரு வண்டி நின்றதில்லை.

டிப்போ முழுக்கச் சிரித்தார்கள். உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ரொம்ப யோசித்துவிட்டு, "என் லைசென்ஸ் முடிஞ்சு போச்சே மாப்பிள்ளை" என்றார். நானும் எல்லோரோடும் சேர்ந்து அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

பத்து மணிக்கு ஒரு அம்மா டிப்போவுக்கு வந்தார். ஏதோ அலுவலகத்தில் ஆட்கள் வருவதற்கு முன்னால் தரை துடைக்கிறவராம். தினமும் அந்த முதல் வண்டியில் போகிறவர். நேரம் தாண்டிவிட்டதால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சண்டை போடவில்லை. "நாளைக்கு வண்டி வருமா? அதைக் கேட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். வரும் என்றேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான். உங்களுக்கு என்ன, உடம்பு சரியில்லையா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனேன். கழுவுவதற்காக நிறுத்தியிருந்த இரண்டு பேருந்துகளுக்கு நடுவே நின்று அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள், எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே அழுதேன். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போனதற்கா, வண்டி நின்றதற்கா, சாப்பிட்டாயா என்று கேட்டதற்கா? மேனேஜர் எப்படியோ பார்த்துவிட்டார். அதுதான் ஓய்வு.

போன கடிதத்தில் 'போடு' என்று எழுதியிருந்தேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. போடாதே என்றும் சொல்லவில்லை, அப்படியும் எடுத்துக்கொள்ளாதே. என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. தெளிந்ததும் எழுதுகிறேன்.

சின்னவளுக்கு இன்று பெரியவள் பின்னிவிட்டாள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது.

உன்,
குழம்பிய கணவன்


திங்கள், பதினெட்டாம் தேதி

அன்புள்ள என் மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாலு நாளில் வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கையில் இருக்க வேண்டும்.

என் முதல் கடிதத்துக்கு நீ எழுதிய பதில் சனிக்கிழமை வந்தது. "சரி. போடுறேன். உடம்பைப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன், உறையைக்கூட உதறிப் பார்த்தேன். பதினேழு வருஷமாக உன்னுடன் குடித்தனம் நடத்துகிறவனுக்கு உன்னுடைய 'சரி'யில் எத்தனை வகை உண்டு என்று தெரியும். கோபச் சரி, சம்மதச் சரி, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் சரி, வாயை மூடு சரி. இது இதில் எதிலும் சேரவில்லை. இந்த விஷயத்தில் உன் மனசில் என்னதான் இருக்கிறது? நான் 'போடு' என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாயா, சொல்லக் கூடாது என்று எதிர்பார்த்தாயா? படபடப்பு என்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன், நீ நர்ஸ், அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வருத்தமா, நிம்மதியா என்றும் தெரியவில்லை.

ஓய்வு எடுத்த கதையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு வீட்டில் நானும் மாமாவும் மட்டும். டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று அந்த நோட்டை எடுத்துவைத்து, நம் தொழில் புத்தி விடாதல்லவா, கட்டம் போட்டு ஒரே தாளில் தொகுத்தேன். டிப்போவில் காலை நெரிசல் நேரம், இரண்டு ஓட்டுநர்கள் சேர்ந்தாற்போல் லீவு கேட்ட நாள், பெரியவள் கதவை அறைந்துவிட்டுப் போன நாள், மாமா மாத்திரையைத் தொலைத்த நாள், இதெல்லாம்தான் எட்டு ஒன்பது என்று இருக்கும் என நினைத்தேன். பார்த்தால் எல்லாம் ஒன்று, இரண்டு. கதவை அறைந்ததற்குப் பூஜ்யம். என் தலைக்கு மேல் இருந்த வேலை எல்லாம் என்னை ஒன்றுமே செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு ஏழு. நாலு நாற்பதுக்கு ஒன்பது. அதற்கு முந்தின ஞாயிறும் அதே நேரம், அதே எண். அப்புறம் உன் முதல் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன், அது ஒன்பது. நான் உனக்குப் பதில் எழுதித் தபால் பெட்டியில் போட்ட திங்கட்கிழமை எட்டு. தபால் பெட்டி முன்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு நாலரை மணிக்கு நீ போன் பண்ணுவாய். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அதற்குத்தான். நாலு மணிக்கே சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், போனில் சட்டையா தெரியப்போகிறது என்று பெரியவள் கிண்டல் செய்வாள். அப்படி இருக்கும்போது அந்த நேரத்துக்கு ஏன் ஏழு, ஏன் ஒன்பது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன் மேல் எனக்கு உள்ளுக்குள் கோபம் இருக்கிறதா என்று யோசித்தேன். தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாசம் குறைந்துவிட்டதா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அதை நினைத்தபோதே ஆறு வந்துவிட்டது, நோட்டில் எழுதினேன்.

மாலையில் டாக்டரிடம் போனேன். தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்று பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு என்ன என்று கேட்டார். மனைவி போன் செய்வாள் என்றேன். என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கோம் என்று சொல்வேன் என்றேன். அப்புறம் என்றார். அவ்வளவுதான், அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். மாத்திரையாவது கொடுத்திருக்கலாம். படியிறங்கும்போது அவர் மேல் எனக்குக் கடுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரியவளிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், நான் அம்மாவிடம் போனில் எப்படிப் பேசுகிறேன் என்று. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுவீங்கப்பா. முடிச்சதும் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவீங்க" என்றாள். குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போவதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவள் எத்தனை நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? பதினான்கு வயது. அவளும் ஸ்பீக்கரில் உன்னிடம் "நல்லா இருக்கேம்மா" என்றுதானே சொல்கிறாள், அது நிஜமா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே குழப்பம். கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றாள். அப்படியே என் குரல்.

நேற்று ஞாயிறு. நேற்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்று துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையிலும் வைத்திருந்தேன். மாமாவை நடக்க அனுப்பிவிட்டேன், பிள்ளைகளைச் சீக்கிரம் பேசவைத்துவிட்டேன். போன் என் கைக்கு வந்தது, உனக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. என் பதில் வந்திருக்குமே, படிவத்தை இந்த வாரக் கடைசியில் கொடுக்கப்போகிறேன் என்றாய். நான் நல்லது என்றேன். வேற என்ன என்றாய். சின்னவளுக்குப் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது என்றேன். உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரி, அப்ப" என்றோம். போனை வைத்துவிட்டு நேராகப் போய்ப் பாத்திரம் கழுவினேன். பத்து. முதல் தடவையாகப் பத்து எழுதினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீயும் அங்கே அப்படித்தானா? நீயும் "எனக்கு என்ன, நல்லா இருக்கேன்" என்றுதான் இரண்டு வருஷமாகச் சொல்கிறாய். நான் நன்றாக இருக்கிறேன் என்று நம்பி நீ அங்கே இருக்கிறாயா? நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி நான் இங்கே இருக்கிறேனா? என் 'போடு'வைப் படித்துவிட்டுத்தான் நீ 'சரி' எழுதினாய். உன் 'எதுன்னாலும் சரி'யைப் படித்துவிட்டுத்தான் நான் 'போடு' எழுதினேன். இதில் முதலில் யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அல்லது இதெல்லாம் என் கற்பனையாகவும் இருக்கலாம். நீ உண்மையிலேயே அங்கே சந்தோஷமாக இருக்கலாம். வார்டில் உன்னைச் சுற்றி நாலு பேர் நின்று சொல்வதைக் கேட்பதும், நீ நிமிர்ந்து நடப்பதும் நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். அந்த முகத்தை நான் நம் வீட்டில் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, போட்டோவை மூடிவைத்துவிடவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று என்னைக் கேட்காதே.

அதனால் நான் உன்னை வா என்று சொல்லவில்லை. வேலையை விட்டு வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வராதே என்று சொல்லவும் இந்த முறை பேனா ஓடவில்லை. ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். மூன்று கடிதம் எழுதியும் எனக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ஆனால் மூன்று வார்த்தை கிடைத்திருக்கிறது. அதை உன்னிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

நான் நல்லா இல்லை.

எழுதிவிட்டு இரண்டு தரம் அடிக்கப் போனேன், அடிக்கவில்லை. சமைக்கிறேன், பின்னுகிறேன், சார்ட் போடுகிறேன், எல்லாம் ஓடுகிறது. ஆனால் நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதற்கு என்ன மருந்து, என்ன முடிவு, எனக்குத் தெரியாது. ஒருவேளை நீ அங்கேயே இருந்தாலும், இதைத் தெரிந்துகொண்டு இருந்தால் எனக்குப் போதுமோ என்னவோ. அதுவும் தெரியாது. நீ எந்த முடிவு எடுத்தாலும் என்னுடைய பொய்யை நம்பி எடுக்காதே. உன்னுடைய நிஜத்தையும் எனக்கு எழுது. கோபம் என்றால் கோபம், அழுகை என்றால் அழுகை, வர இஷ்டமில்லை என்றால் அதுவும்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், அது நிஜம். மாமாவின் காது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று, அதுவும் நிஜம். இன்று காலை வேலைக்குத் திரும்பினேன். சார்ட்டை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்று நானே மேனேஜரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நின்று நின்று காலைக் கெடுத்துக்கொள்ளாதே. அங்கே உன்னைச் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க யாராவது ஒருத்தராவது இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது படிவத்தை இன்னும் கொடுக்காமல் வைத்திரு. மாமாவும் பிள்ளைகளும் சுற்றி நிற்பார்கள். நீ "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதும், இவ்வளவு எழுதின பிறகும், பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து "நல்லா இருக்கோம்" என்றுதான் வரும். அப்போது போனை வைத்துவிடாதே. இன்னொரு தடவை கேள்.

என்றும் உன்,
பிள்ளைகளின் அப்பா